எச்சரிக்கையும் ஓர் அமானிதமே

ஐப்பசி பிறந்து மார்கழி கழிவதற்குள் வங்கக் கடலில் ஏதேனும் ஒரு புயற்சின்னம் தோன்றாத ஆண்டு அரிது. கோவளம், நெம்மேலி, மாமல்லபுரம், கல்பாக்கம், சதுரங்கப்பட்டினம் என நீண்டு கிடக்கும் செங்கற்பட்டு மாவட்டக் கடலோரத்து மக்களும், ஏரிகளின் கீழ் வாழும் உள்நாட்டு மக்களும் அந்த நாட்களில் வானத்தைப் பார்த்தபடியே பொழுதைக் கழிக்கின்றனர். வானொலியும் தொலைக்காட்சியும் கைப்பேசியும் நாழிகைக்கு ஒரு முறை எச்சரிக்கை விடுக்கின்றன. அவ்வேளைகளில் நம்முடைய இல்லங்களில் இருவகைப் பேச்சுக்களைக் கேட்கிறோம். "அல்லாஹ் விதித்ததுதானே நடக்கும்! நாம் இடம்பெயர்ந்தால் மட்டும் விதி மாறிவிடுமா?" என்பது ஒன்று. "எல்லாவற்றிற்கும் இப்போது கருவி வந்துவிட்டது, இனி எதற்கு அச்சம்?" என்பது மற்றொன்று.

முன்னது ஈமானின் மொழிபோல் ஒலிக்கிறது. பின்னது அறிவின் மொழிபோல் ஒலிக்கிறது. ஆனால் முன்னதில் மார்க்கத்தின் தெளிவு இல்லை. பின்னதில் அறிவியலின் அடக்கம் இல்லை. மனித உயிர்கள் சம்பந்தப்பட்ட இவ்விஷயத்தில் நம் மார்க்கம் காட்டும் வழி யாது என்பதைச் சற்று ஆழ்ந்து நோக்குவது இன்றைய தேவையாகும்.

விதியும் முயற்சியும்

களா கத்ரை நம்புவது ஈமானின் கடமை. அதில் முஸ்லிம்களிடையே இரு கருத்து இல்லை. ஆயினும் விதியை நம்புதல் என்பது கைகட்டி வாளாவிருத்தல் அன்று என்பதை நம் நாயகம் (ஸல்) அவர்களின் திருவாழ்வே நமக்கு விளக்குகிறது. ஒட்டகத்தைக் கட்டாமல் விட்டுவிட்டு இறைவன்மீது பொறுப்புச் சாட்டலாமா என்று கேட்டவரிடம், முதலில் அதனைக் கட்டுமாறும், பின்னர் இறைவன்மீது தவக்குல் வைக்குமாறும் அண்ணலார் பணித்த செய்தி திர்மிதி நூலில் பதிவாகியிருக்கிறது. முயற்சி முன்னும் நம்பிக்கை உடனும் நிற்கவேண்டும் என்பதே அதன் கருத்து.

ஹிஜ்ரத்துப் பயணத்தை எண்ணிப் பாருங்கள். இறைவனின் பாதுகாப்பு வாக்களிக்கப்பட்டிருந்த நிலையிலும், பாலைவழியை நன்கறிந்த அப்துல்லாஹ் இப்னு உரைகித் என்பவரை நாயகம் (ஸல்) அவர்கள் கூலிக்கு அமர்த்திக்கொண்டார்கள். அவர் அப்போது இஸ்லாத்தைத் தழுவியிருக்கவில்லை. எனினும் வழியறிவில் வல்லவர் என்பதால் அவருடைய சொல் நம்பி ஏற்கப்பட்டது. உஹதுப் போரன்று பெருமானார் இரு கவசங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அணிந்தார்கள். ஹிஜ்ரீ 5ஆம் ஆண்டில் மதீனாவைச் சூழ்ந்து வந்த படையைத் தடுக்க, அரபியர் அதுவரை அறிந்திராத பாரசீக முறையைச் ஸல்மான் (ரலி) அவர்கள் எடுத்துரைத்தபோது, அகழி தோண்டும் பணியில் பெருமானாரும் மண் சுமந்தார்கள். துறையறிந்தோரின் சொல்லைக் கேட்பதும், புதிய உபாயத்தை ஏற்பதும் தவக்குலுக்கு மாறானவை என்றால் இவை நிகழ்ந்திருக்குமா?

இன்னும் ஒரு நிகழ்ச்சி. ஷாம் நாட்டை நோக்கிப் பயணம் புறப்பட்ட கலீஃபா உமர் (ரலி) அவர்களுக்கு ஸர்ஃ என்னுமிடத்தில், அங்கே கொள்ளைநோய் பரவியுள்ளது என்ற செய்தி எட்டியது. தோழர்களுடன் கலந்தாலோசித்த கலீஃபா அவர்கள் திரும்பிவிட முடிவு செய்தார்கள். இறைவனின் விதியிலிருந்து ஓடுவதா என்று அபூஉபைதா (ரலி) அவர்கள் வினவியபோது, தாம் ஒரு விதியிலிருந்து இறைவனின் இன்னொரு விதியை நோக்கியே செல்வதாக உமர் (ரலி) அவர்கள் விடையிறுத்தார்கள். ஒரு பள்ளத்தாக்கில் செழித்த சரிவும் வறண்ட சரிவும் இருந்தால் மேய்ப்பன் எதனைத் தேர்ந்தாலும் அது இறைவிதிக்கு உட்பட்டதே என்ற உவமையையும் எடுத்துரைத்தார்கள். கரையோர வீட்டில் தங்கிச் சாவது மட்டுமே விதி என்றும், பாதுகாப்பு முகாமுக்குச் சென்று பிழைப்பது விதிக்குப் புறம்பானது என்றும் எண்ணுவோர், உமர் (ரலி) அவர்களின் இவ்விளக்கத்தை மனத்தில் இருத்துவார்களாக!

மறைவானவற்றை அறிவதாகுமா?

சிலருக்கு வேறொரு ஐயம் எழுகிறது. மழை இறங்குவது பற்றிய ஞானம் அல்லாஹ்விடமே உள்ளது என்று திருமறையின் லுக்மான் அத்தியாயம் எடுத்துக் கூறுகிறதே. அவ்வாறிருக்க, நாளை புயல் கரை கடக்கும் என்று வானிலை நிலையத்தார் கூறுவது மறைவானவற்றை அறிந்ததாக வாதிடுவது ஆகாதா என்று வினவுகின்றனர்.

ஆகாது. நாடி பிடித்துப் பார்த்த மருத்துவர் காய்ச்சல் கூடும் என்கிறார். கீழ்வானில் திரண்ட மேகத்தைக் கண்ட உழவர் மழை வரும் என்கிறார். இவர்கள் மறைவான ஞானத்தை உரிமை கொண்டாடவில்லை. இறைவன் இவ்வுலகில் அமைத்துவைத்த அடையாளங்களைப் படித்துச் சொல்கின்றனர். செயற்கைக்கோளும் ராடாரும் அந்த அடையாளங்களைத் தொலைவிலிருந்தே காணும் கண்கள், அவ்வளவே. அவை கூறுவது உறுதியான ஞானம் அன்று, அடையாளத்தைக் கொண்டு செய்யும் மதிப்பீடு. ஆதலாலேதான் புயல் திசை மாறுவதும், மழை பொய்ப்பதும் உண்டு. முழுமையான ஞானம் அல்லாஹ் ஒருவனுக்கே உரியது என்பதை அந்தத் தவறுகளே மெய்ப்பிக்கின்றன.

கரையிலும் கடலிலும் இருள்சூழ்ந்த வேளைகளில் வழியறிய நட்சத்திரங்களை அமைத்ததாக இறைவன் திருமறையில் அறிவிக்கிறான். அதனை நம் முன்னோர் வெறுமனே ஓதிவிட்டுப் போய்விடவில்லை. அரபு மாலுமிகள் கமால் என்னும் சிறு பலகையையும் முடிச்சிட்ட கயிற்றையும் கொண்டு விண்மீனின் உயரத்தை அளந்து வங்கக் கடலையும் அரபிக் கடலையும் கடந்தார்கள். 15ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த இப்னு மாஜித் என்னும் மாலுமி, கடற்பயண அறிவைப் பெருநூலாகவே தொகுத்துவைத்தார். திமிஷ்க் நகரின் உமையாப் பள்ளிவாசலில் தொழுகை நேரம் கணிக்கும் பதவி வகித்த இப்னு ஷாத்திர், 14ஆம் நூற்றாண்டின் தலைசிறந்த வானவியல் அறிஞர்களுள் ஒருவர். மினாராவில் அவர் அமைத்த சூரியக் கடிகாரம் புகழ்பெற்றது. பள்ளிவாசலின் நிழலில் வளர்ந்த இந்த அறிவை இன்று பள்ளிவாசலுக்கு அந்நியமானதாகக் கருதுவது நம் வரலாற்றை மறந்ததன் விளைவே.

யூசுஃப் (அலை) அவர்களின் வரலாறும் இங்கு நினைவுகூரத் தக்கது. ஏழாண்டுச் செழிப்பும் ஏழாண்டு வறட்சியும் வரும் என்ற முன்னறிவிப்புக் கிடைத்தவுடன், வருவது வரட்டும் என்று அவர்கள் இருந்துவிடவில்லை. கதிர்களோடு தானியத்தைச் சேமிக்கும் திட்டத்தை வகுத்து ஒரு நாட்டையே காத்தார்கள். முன்னறிவிப்பு என்பது அஞ்சி நடுங்குவதற்காக அன்று, ஆயத்தம் செய்வதற்காகவே என்பது இதிலிருந்து பெறப்படும் பாடமாகும்.

அந்த இரண்டு மணி நேரம்

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை. காலை 6.29 மணியளவில் சுமத்திராவுக்கு அருகே கடலடியில் நிலம் அதிர்ந்தது. ஏறத்தாழ 1,300 கிலோமீட்டர் நீளத்திற்குக் கடற்படுகை பிளந்து, மேலிருந்த நீரைத் தூக்கி எறிந்தது. ஆழ்கடலில் ஆகாய விமானத்தின் வேகத்தில் பாய்ந்த அந்த அலை தமிழகக் கரையை வந்தடைய இரண்டு மணி நேரத்திற்கு மேலாயிற்று. அதற்கிடையில் கார் நிகோபார் விமானப்படைத் தளத்தைக் கடல் விழுங்கிக்கொண்டிருந்தது; அங்கிருந்து சென்னைக்குச் செய்தியும் வந்தது. ஆயினும் மெரினாவில் காலை நடை சென்றவர்க்கோ, கோவளத்தில் வலை உலர்த்தியவர்க்கோ, நாகையில் மீன் வாங்கக் காத்திருந்த பெண்களுக்கோ ஒரு சொல்லும் எட்டவில்லை. தமிழகத்தில் மட்டும் ஏறத்தாழ எட்டாயிரம் உயிர்கள் பறிபோயின.

நம் செங்கற்பட்டுக் கரையில் அன்று நிகழ்ந்தவற்றுள் இரண்டு சிந்தனைக்குரியவை. மாமல்லபுரத்தில் பேரலை வருமுன் கடல் பின்வாங்கியது. நீருக்குள் மறைந்து கிடந்த பாறைகள் வெளிப்பட்டன. அது பேரலையின் முன்னோட்டம் என்பதை அறிந்தோர் அன்று நம் கரையில் மிகச் சிலரே. பின்னர் அங்கே தொல்லியல் துறையினர் ஆய்வு செய்தனர். அருகிலுள்ள சாளுவன்குப்பத்தில் மண்ணுள் புதைந்திருந்த செங்கற்கோயில் ஒன்று வெளிப்பட்டது. முற்காலத்திலும் இத்தகைய பேரலைகள் இக்கரையைத் தாக்கியிருக்க வேண்டும் என்று அங்கிருந்த மண் அடுக்குகளைக் கண்டு ஆய்வாளர்கள் கருதினர். கடல் ஒருமுறை எழுதிய எச்சரிக்கையை மணல் மூடிவிட்டது, மக்களும் மறந்துவிட்டார்கள்.

மற்றொன்று கல்பாக்கம். அணுமின் நிலையத்தின் நீரேற்று நிலையத்தில் கடல்நீர் புகுந்தபோது, இயங்கிக்கொண்டிருந்த உலை பாதுகாப்பாக நிறுத்தப்பட்டது. முன்னெச்சரிக்கையோடு அமைக்கப்பட்ட பொறியும், கடமையிலிருந்தோரின் விழிப்பும் பேராபத்தைத் தடுத்தன, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் அதே கரையில் அமைந்த ஊழியர் குடியிருப்பில் பல உயிர்கள் மாண்டன. உலைக்கு ஓர் எச்சரிக்கை ஏற்பாடு இருந்தது; உறங்கிக்கொண்டிருந்த குழந்தைக்கு அஃது இல்லை.

அவ்வாண்டு நிவாரணப் பொருள்களுடன் சென்ற குழுவினரோடு இவ்வரிகளை எழுதுவோனும் கரையோரக் குப்பங்களில் சில நாட்கள் தங்க நேர்ந்தது. பேரக்குழந்தையைப் பறிகொடுத்த மூதாட்டி ஒருவர், அரிசி வாங்கிக்கொண்டு நின்றவர், திடீரென்று கேட்டார்: "ஹஜ்ரத், அலை வர ரெண்டு மணி நேரம் ஆச்சாமே? ஒருத்தருமா எங்களுக்குச் சொல்லக் கூடாது?" அவர் இறைவனைக் குறை கூறவில்லை, கடலையும் குறை கூறவில்லை. மனிதர்களைத்தான் கேட்டார். இருபது ஆண்டுகள் கடந்த பின்னும் அந்த வினாவுக்குரிய விடையை நாம் முழுமையாகத் தந்துவிடவில்லை.

தண்டனை என்று கூறலாமா?

பேரழிவு நிகழ்ந்தபோதெல்லாம் மாண்டவர்களின் பாவத்திற்குக் கிடைத்த தண்டனை இது என்று மேடையில் முழங்குவோர் உண்டு. அன்றைய பேரலையில் மிகப் பெரிய இழப்பு எங்கே நிகழ்ந்தது? மக்கா மாநகரின் முற்றம் என்று போற்றப்படும் ஆச்சே மாநிலத்தில்தான். தொழுகையும் நோன்பும் தழைத்த அந்த முஸ்லிம் பூமியில் ஒன்றரை இலட்சத்திற்கும் மேற்பட்டோர் மறைந்தனர். அவர்களையெல்லாம் பாவிகள் என்று கூற நம்மில் எவருக்குத் துணிவு வரும்? வெள்ளத்தில் மூழ்கி இறந்த முஸ்லிம் ஷஹீதின் நிலையை அடைகிறார் என்று நபிமொழி நற்செய்தி கூறும்போது, அவர்மீது பழி சுமத்த நாம் யார்?

நாயகம் (ஸல்) அவர்களின் அருமை மைந்தர் இப்ராஹீம் மறைந்த நாளில் சூரிய கிரகணம் ஏற்பட்டது. அதனை அக்குழந்தையின் மரணத்தோடு மக்கள் இணைத்துப் பேசினர். சோகத்தின் உச்சியில் இருந்த அந்நேரத்திலும் பெருமானார் அக்கூற்றை மறுத்தார்கள். சூரியனும் சந்திரனும் இறைவனின் அத்தாட்சிகள். எவருடைய பிறப்பிற்காகவும் இறப்பிற்காகவும் அவை மறைவதில்லை என்று தெளிவுபடுத்தினார்கள். தமக்கே பெருமை சேர்க்கக்கூடிய தவறான கருத்தைக்கூட ஏற்காத பெருமானாரின் உம்மத்தினராகிய நாம், பிறருக்கு இழிவு சேர்க்கும் கருத்தை எவ்வாறு பரப்பலாம்?

அதே வேளையில், காற்று பலமாக வீசும்போதும் கார்மேகம் சூழும்போதும் அண்ணலாரின் திருமுகத்தில் கவலை படரும் என்றும், ஆது கூட்டத்தார் மேகத்தைக் கண்டு மழையென மகிழ்ந்ததை நினைவுகூர்ந்து இறைவனிடம் பாதுகாப்புத் தேடுவார்கள் என்றும் அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். இயற்கையின் சீற்றத்தைக் கண்டு தன்னைத் தானே ஆராய்ந்துகொள்வது முஃமினின் பண்பு. பிறரை ஆராய்ந்து தீர்ப்பு வழங்குவது அன்று.

செய்தி சென்றடைந்த இடங்கள்

அன்று எல்லா இடங்களிலும் செய்தி தவறிவிடவில்லை. புதுச்சேரிக்கு அருகே நல்லவாடு என்னும் மீனவக் கிராமம் உண்டு. அவ்வூரைச் சேர்ந்த ஒருவர் சிங்கப்பூரிலிருந்து, தொலைக்காட்சியில் கண்ட செய்தியைத் தொலைபேசியில் தம் ஊருக்கு அறிவித்தார். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அமைத்திருந்த அறிவு மையத்தின் ஒலிபெருக்கியில் உடனே அறிவிப்புச் செய்யப்பட்டது. மூவாயிரத்திற்கும் மேற்பட்ட மக்கள் ஊரைவிட்டு விலகி உயிர் பிழைத்தனர். ஒரு தொலைபேசி, ஓர் ஒலிபெருக்கி, சொல்லவேண்டும் என்ற பொறுப்புணர்ச்சி. இவ்வளவே அங்கே தேவைப்பட்டன.

ஆச்சேயின் மேற்கே ஸிமெயுலு என்னும் தீவு. பூகம்பத்தின் மையத்திற்கு மிக அருகில் அமைந்தது. ஏறத்தாழ 78,000 பேர் வாழ்ந்த அத்தீவில் பேரலைக்குப் பலியானவர் எழுவர் மட்டுமே. அங்கே எந்தக் கருவியும் இல்லை. 1907ஆம் ஆண்டில் அத்தீவைப் பேரலை தாக்கியபோது பிழைத்தவர்கள், நிலம் அதிர்ந்து கடல் பின்வாங்கினால் குன்றை நோக்கி ஓடவேண்டும் என்பதைக் கதையாகவும் தாலாட்டாகவும் தம் பிள்ளைகளுக்குச் சொல்லிவைத்தனர். "ஸ்மோங்" என்ற ஒற்றைச் சொல் ஊரையே மலையேறச் செய்தது. பாட்டி பேரனுக்குச் சொன்ன சொல் நூறாண்டு கழித்து ஒரு தீவைக் காத்தது.

இதற்கு நேர்மாறான வரலாறும் உண்டு. 1970ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள், ரமளான் மாதத்து இரவில், அன்றைய கிழக்குப் பாகிஸ்தானின் கரையைப் பெரும்புயல் தாக்கியது. மூன்று இலட்சத்திற்கும் ஐந்து இலட்சத்திற்கும் இடைப்பட்டோர் மாண்டிருக்கலாம் என மதிப்பிடப்படுகிறது. அப்புயலைச் செயற்கைக்கோள் முன்னமே படம் பிடித்திருந்தது. வானொலியிலும் எச்சரிக்கை வந்தது. ஆனால் எவ்வளவு பெரிய ஆபத்து, எங்கே செல்லவேண்டும் என்பது தீவுகளில் வாழ்ந்த எளிய மக்களுக்கு விளங்கும்படி சென்றடையவில்லை. பங்களாதேஷ் பிறந்த பின் அந்நாட்டில் புயல் ஆயத்தத் திட்டம் உருவாயிற்று. கைக்குழல் ஒலிபெருக்கியும் கொடியும் ஏந்திய தொண்டர்கள் வீடுவீடாகச் சென்றனர். பள்ளிவாசல் ஒலிபெருக்கிகளிலும் அறிவிப்புகள் ஒலித்தன. 1991இல் மீண்டும் ஒரு பெரும்புயல் ஒரு இலட்சத்திற்கும் மேற்பட்டோரைக் கொண்டு சென்றது. அதன்பின் புயல் காப்பகங்கள் பெருகின. 2007இல் வந்த ஸிதர் புயலில் மாண்டோர் ஏறத்தாழ 3,400 பேர். 2020இன் அம்பான் புயலில் அந்நாட்டின் உயிரிழப்பு நூற்றைக்கூட எட்டவில்லை. இன்று அத்திட்டத்தின் தொண்டர்கள் எழுபதாயிரத்திற்கும் மேற்பட்டோர்; அவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் பெண்கள். கடல் அதேதான்; காற்றும் அதேதான். மாறியது, சொல்லவேண்டியதைச் சொல்லும் முறை.

கருவியின் எல்லை

நம் நாட்டிலும் மாறுதல் வந்துள்ளது. ஐதராபாத்தில் அமைந்த கடல் தகவல் மையத்தில் 2007ஆம் ஆண்டு முதல் ஆழிப்பேரலை எச்சரிக்கை நிலையம் இயங்குகிறது. கடலடியில் வைக்கப்பட்ட அழுத்தமானிகள் நீரின் ஏற்றத்தாழ்வை அளந்து, மிதவை வழியாகச் செயற்கைக்கோளுக்கு அனுப்புகின்றன. 2012ஆம் ஆண்டு ஏப்ரல் 11ஆம் நாள் பிற்பகலில் சுமத்திராவுக்கு அப்பால் 8.6 அளவில் பூகம்பம் நேர்ந்தபோது தமிழகக் கரையிலிருந்து மக்கள் விலக்கப்பட்டனர். நிலத்தட்டுகள் மேலெழாமல் பக்கவாட்டில் நகர்ந்ததால் பேரலை எழவில்லை. அன்று மாலையே எச்சரிக்கை விலக்கிக்கொள்ளப்பட்டது. வீணாக அலைக்கழித்துவிட்டார்கள் என்று அப்போது முணுமுணுத்தோர் உண்டு. அன்பர்களே! வராத ஆபத்துக்காக ஒரு மாலைப் பொழுது வீடு விட்டு நிற்பது நஷ்டமன்று. நலமாகத் திரும்பி வந்தமைக்காக ஷுக்ர் செய்யவேண்டிய வேளை அது.

2022ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆம் நாள், வெள்ளிக்கிழமை நள்ளிரவையொட்டி, மாண்டஸ் புயல் மாமல்லபுரத்திற்கு அருகிலேயே கரை கடந்தது. மரங்கள் சாய்ந்தன, படகுகள் சேதமுற்றன. ஆயினும் பல நாட்களுக்கு முன்னரே வழி கணிக்கப்பட்டு, மீனவர்கள் கடலுக்குச் செல்லாமல் தடுக்கப்பட்டதால் உயிர்ச்சேதம் மிகக் குறைவாக இருந்தது.

எனினும் கருவி எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் என்று இருந்துவிட முடியாது. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் குமரிக் கடலில் விரைவாக வலுப்பெற்றபோது, ஆழ்கடலில் பல நாள் தங்கி மீன்பிடிக்கச் சென்றிருந்தோர்க்குச் செய்தி சேர்க்க வழியில்லாமற் போயிற்று. பல குடும்பங்கள் ஆதரவிழந்தன. அதன் பிறகே படகுகளுக்குச் செயற்கைக்கோள் வழிச் செய்திக்கருவிகள் வழங்கப்படலாயின. அக்கருவியும் மின்னூட்டம் இன்றி மூலையில் கிடந்தால் பயனென்ன? மேலும், அலையின் வேகத்தைத் தணிக்க இறைவன் அமைத்துத் தந்த மணல்மேடுகளைச் சமன் செய்து, கழிமுகங்களைக் குறுக்கி, கடலின் வாசலிலேயே கட்டடங்களை எழுப்பிவிட்டு, எச்சரிக்கைக் கருவியை நம்பி இருப்பது அறிவுடைமை ஆகாது. கரையிலும் கடலிலும் தோன்றும் குழப்பம் மனிதக் கரங்கள் தேடிக்கொண்டதே என்று திருமறை கூறுவதை நாம் மறக்கலாகாது.

கைப்பேசியில் வரும் செய்தி

இன்று ஒவ்வொரு கையிலும் ஒரு செய்தி நிலையம் இருக்கிறது. புயல் நாட்களில் பழைய படங்களும், எங்கோ உடைந்த அணையின் காட்சியும், பெயரற்ற குரல்களும் குடும்பக் குழுக்களில் பாய்ந்து வருகின்றன. நன்மை என்று கருதியே நம் பெண்களும் பிள்ளைகளும் அவற்றைப் பிறருக்கு அனுப்புகின்றனர். 2004 டிசம்பர் 30ஆம் நாள், மீண்டும் பேரலை வரும் என்று எழுந்த ஆதாரமற்ற எச்சரிக்கையால் தமிழகக் கரை முழுதும் மக்கள் அலறி ஓடியதை மூத்தோர் அறிவர். அப்போது கைப்பேசி இத்துணைப் பரவியிருக்கவில்லை. இன்றாயின் விளைவு எவ்வாறிருக்கும்?

அச்சம் தரும் செய்தியோ ஆறுதல் தரும் செய்தியோ வந்தால் உடனே அதனைப் பரப்பிவிடுவோரைத் திருமறையின் நான்காம் அத்தியாயம் கண்டிக்கிறது. ஆராய்ந்து அறியும் தகுதியுடைய பொறுப்பாளர்களிடம் அதனைக் கொண்டுசெல்லப் பணிக்கிறது. செய்தி வந்த இடத்தை ஆராயுமாறு நாற்பத்தொன்பதாம் அத்தியாயம் கட்டளையிடுகிறது. எனவே ஊர்ஜிதமாகாத செய்தியைப் பரப்புவதும் குற்றம். ஊர்ஜிதமான எச்சரிக்கையை அண்டை வீட்டாருக்குச் சொல்லாமல் இருப்பதும் குற்றம். மாநிலக் கட்டுப்பாட்டு அறையின் 1070, மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் 1077 ஆகிய எண்களை ஒவ்வொரு இல்லத்திலும் எழுதி மாட்டிவைப்பது நலம்.

பள்ளிவாசலின் கடமை

ஒலிபெருக்கி முதன்முதல் வந்த காலத்தில் தொழுகையில் அதனைப் பயன்படுத்தலாமா என்று உலமாக்களிடையே பெரும் விவாதம் நடந்தது. தேவ்பந்தில் பணியாற்றிப் பின்னர் பாகிஸ்தானின் தலைமை முஃப்தியாக விளங்கிய மௌலானா முஹம்மது ஷஃபீ அவர்கள் முதலில் கூடாதென்றே கருதினார்கள். அக்கருவி இயங்கும் விதத்தைத் துறையறிந்தோரிடம் கேட்டறிந்த பின் தம் கருத்தைத் தளர்த்தினார்கள். மெய்யறிவு வந்தபோது ஏற்றுக்கொண்ட அந்தப் பெருந்தன்மை நமக்கு முன்மாதிரி. இன்று ஒலிபெருக்கி இல்லாத பள்ளிவாசல் அரிது. ஆனால் பாங்குக்கும் பயானுக்கும் பயன்படும் அக்கருவி, ஆபத்துக் காலத்தில் ஊர் முழுவதற்கும் பயன்படுகிறதா? இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்குத் தடை விதிக்கும் விதிகளும் பொது அவசர நிலைக்கு விலக்களிக்கின்றன. சட்டம் திறந்து வைத்த கதவை நாம்தான் பயன்படுத்தவேண்டும்.

கடும் மழை நாளொன்றில், அது வெள்ளிக்கிழமையாக இருந்தும், தொழுகைக்கு வாருங்கள் என்னும் அழைப்புக்கு மாற்றாக இல்லங்களிலேயே தொழுதுகொள்ளுமாறு அறிவிக்கும்படி இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் பாங்கு சொல்பவருக்குக் கட்டளையிட்டார்கள். அது நாயகம் (ஸல்) அவர்கள் செய்து காட்டியதே என்றும் விளக்கினார்கள். பாங்கின் மேடையிலிருந்தே மக்களின் பாதுகாப்பு அறிவிக்கப்பட்டது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

ஆகவே கடலோர, ஏரிக்கரை மஹல்லாக்களின் ஜமாஅத்தார் சில காரியங்களை இவ்வாண்டு மழைக்காலத்திற்கு முன்பே செய்துகொள்ளலாம். எச்சரிக்கை வந்தால் யார் அறிவிப்பது என்பதை முத்தவல்லியும் இமாமும் வருவாய்த் துறையினரோடு கலந்து முடிவு செய்துவைக்கட்டும். மின்சாரம் நின்றாலும் ஒலிபெருக்கி இயங்க மின்கலம் இருக்கட்டும். தனித்து வாழும் முதியோர், நோயாளிகள், கைம்பெண்கள் வாழும் வீடுகளின் பட்டியல் பள்ளிவாசலில் இருக்கட்டும். ஒவ்வொரு வீட்டிற்கும் ஓர் இளைஞர் பொறுப்பேற்கட்டும். அந்தப் பட்டியலில் மஹல்லாவை ஒட்டி வாழும் மாற்றுச் சமயத்தாரும் இடம்பெறட்டும். பேரலையின்போது நாகூர் தர்காவும் பரங்கிப்பேட்டை ஜமாஅத்தும் சமயம் பாராது செய்த தொண்டை நாடறியும். 2015 வெள்ளத்தில் சென்னைப் பள்ளிவாசல்கள் எல்லோருக்கும் கதவு திறந்ததையும் நாடறியும். ஆபத்துக்குப் பின் காட்டிய அந்தப் பரிவை ஆபத்துக்கு முன்னரே காட்டினால் இன்னும் எத்தனை உயிர்கள் காக்கப்படும்!

பெண்களைப் பற்றித் தனியே கூறியாகவேண்டும். 2004இல் பல ஊர்களில் ஆண்களைவிடப் பெண்களே மிகுதியாக மாண்டனர். அவர்கள் வீட்டிலும் கரையிலும் இருந்தனர்; நீந்த அறியாதிருந்தனர்; பிள்ளைகளைத் தேடி நின்றனர். ஜும்ஆவின் குத்பாவில் நாம் என்ன அறிவித்தாலும் பெரும்பாலான இல்லங்களில் அது பெண்களின் செவியை அடைவதில்லை. எனவே பெண்கள் மத்ரஸாக்களிலும், வாராந்திர மஜ்லிஸ்களிலும் இதனைக் கற்பிக்கவேண்டும். கடல் திடீரெனப் பின்வாங்கினால் வேடிக்கை பார்க்கலாகாது, மேட்டை நோக்கி ஓடவேண்டும் என்பதை ஸிமெயுலுத் தீவின் பாட்டிமார்போல் நம் தாய்மாரும் பிள்ளைகளுக்குச் சொல்லிவைக்கட்டும்.

நபிமார்களின் தலையாய பணி செய்தியை எத்திவைத்தல். நன்மாராயம் கூறுவோராகவும் அச்சமூட்டி எச்சரிப்போராகவும் அவர்கள் அனுப்பப்பட்டனர். மறுமையின் ஆபத்தை எச்சரிக்கும் பொறுப்பைச் சுமந்த உம்மத்து, இம்மையின் ஆபத்தை அறிந்தும் வாய்மூடி இருக்கலாகாது. செயற்கைக்கோள் கண்டதை, கடலடிக் கருவி அளந்ததை, கடைசிக் குடிசையில் உறங்கும் குழந்தை வரை கொண்டு சேர்ப்பது மனிதனின் வேலை. அறிந்தவன் கையில் எச்சரிக்கை ஓர் அமானிதம். ஒட்டகத்தைக் கட்டுவோம், பக்கத்து வீட்டாரின் ஒட்டகம் கட்டப்பட்டிருக்கிறதா என்றும் பார்ப்போம், பின்னர் இரு கைகளையும் ஏந்துவோம்.

கடலுக்கும் காற்றுக்கும் அதிபதியாகிய வல்ல நாயன், நம் கரைகளையும் கடலுக்குச் செல்வோரையும் காத்தருள்வானாக! பேரலையிலும் புயலிலும் மறைந்தோரின் குடும்பங்களுக்கு மன அமைதியை நல்குவானாக! அறிந்ததை உரிய நேரத்தில் எத்திவைக்கும் நல்லடியார்களாக நம் அனைவரையும் ஆக்குவானாக! ஆமீன்.